பூஸ்ட் வால்வுக்குப் போற ஒயர்

யமுனாவப் பத்திக் கேக்கவா வந்தீங்க? உக்காருங்க தம்பி. அந்த பேட்டரி மேல வேண்டாங்க, ஆசிட் பட்டா பேண்ட்டு பொத்துப் போயிரும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

ஓ, உங்க சர்வீஸ் சென்டர்ல வேலைக்குக் கேட்டிருக்குதாக்கும். எடுங்க, எடுக்காமப் போங்க, எனக்கென்னங்க வந்துச்சு. கேட்டீங்க, நடந்ததச் சொல்றன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டன், ஒரு வார்த்தை கொறைக்க மாட்டன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

மொதல்ல ஒண்ணு. என்னைய இங்க ஆட்டோவுக்கு ஹார்னு மாட்டறவன்னு நெனச்சுராதீங்க. இந்தக் கொட்டாயி போன தையில போட்டது. அதுக்கு முந்தி குழந்தைவேலு மொதலாளி பட்டறையில பதினெட்டு வருசம். மேட்டுப்பாளையம் ரோட்டுல யாரையும் கேளுங்க, வண்டியில கரண்டு வேலைன்னா சென்னியப்பன்னு சொல்லுவாங்க. சொல்லுவாங்கன்னா, அப்பச் சொன்னாங்க.

அந்தப் பட்டறையில யமுனா மூணு வருசம் இருந்துச்சு. டிப்ளமோ படிச்சது. இருபத்தெட்டு வயசு, போத்தனூர்ல அம்மாவும் அதுவும் மட்டுந்தான். மொதலாளி ஒரு ஸ்கேனர் வாங்குனாரு, அதோட சேத்து இந்தப் புள்ளையையும் வேலைக்கு வெச்சாரு. ஸ்கேனர வண்டியில சொருகுனா இன்ன கோளாறுன்னு எழுத்துல காட்டும், அதப் படிச்சுப் பாத்து வேலை செய்யறதுக்கு ஆளு வேணுமாம். நானும் போச்சாது போன்னு விட்டுட்டன். நல்லாப் பழகும், அதுல குத்தஞ் சொல்ல முடியாது. அண்ணா அண்ணான்னு கூப்புடும், நான் அம்மணிம்பன். மத்தியானம் டப்பாவத் தொறந்தா அவங்கம்மா செஞ்ச எள்ளுப் பொடியில எனக்கு ஒரு பங்கு வெச்சுட்டுத்தான் தான் திங்கும். இதெல்லாம் எதுக்குச் சொல்றன்னா, சென்னியப்பன் வன்மம் வெச்சுப் பேசறான்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க.

வண்டிக்கு வாறன். சிதம்பரநாதன்னு ஒருத்தரு, மில்லு வெச்சு நடத்தி வித்துட்டு வீட்டுல இருக்கறவரு. வெளிநாட்டு வண்டி. கம்பெனி பேரு எதுக்குங்க, நமக்கு எதுக்கு வம்பு. சூப்பர்சார்ஜர் வெச்ச வண்டி. உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றன், எனக்குச் சொல்லோணும். இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் திணிக்கற சாமான் அது. எவ்வளவு திணிக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு பாக்க ஒரு வால்வு, பூஸ்ட் வால்வும்பாங்க, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கம்ப்யூட்டர் சொன்னபடி தொறக்கும், மூடும். அதுக்கு ரெண்டே ரெண்டு ஒயரு. ஒண்ணுல பேட்டரிக் கரண்டு வரும். இன்னொண்ணு கம்ப்யூட்டருக்குப் போகும். இந்த ரெண்டுல ஒண்ணுதான் என்னையக் கொண்டாந்து இந்தக் கொட்டாயில விட்டுது.

ஐப்பசி மழையில வண்டி வந்துச்சுங்க. ஸ்டியரிங்குக்கு முன்னால மஞ்ச லைட்டு எரியுது, இழுவை இல்ல. மழை நின்னு நல்லா வெய்ய அடிச்சா லைட்டு தானா அணைஞ்சு போயிருது, வண்டியும் ஓடுது. யமுனா ஸ்கேனரச் சொருகிப் பாத்துச்சு. பூஸ்ட் கண்ட்ரோல் சர்க்யூட்டுல கோளாறுன்னு வந்துச்சு. சர்க்யூட்டுன்னா என்னங்க? வால்வும் சர்க்யூட்டு, ஒயரும் சர்க்யூட்டு, ப்ளக்கும் சர்க்யூட்டு, கம்ப்யூட்டரும் சர்க்யூட்டு. வீடு எங்கன்னு கேட்டா போத்தனூர்னு சொல்ற மாதிரி. எந்த வீதி, எத்தனாம் நம்பருன்னு அது சொல்லாது. அத நாமதான் தேடோணும்.

நானாப் போயி எட்டிப் பாத்தன். மொதலாளி அங்கிருந்தே சொன்னாரு, சென்னியப்பா, நீ அந்த லாரி வைப்பரப் போயிப் பாரு, இத யமுனா பாத்துக்கும்னு. அத்தனை பேரும் நிக்கறாங்க. பதினெட்டு வருசம் இருந்தவனைய வைப்பரப் பாருன்னு. சரிங்கன்னுட்டு வந்துட்டன். எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது. வைப்பர்ல நாலு ஸ்க்ரூவத் தொலைச்சுப்போட்டன், அவ்வளவுதான்.

அந்தப் புள்ள மொறையாத்தான் பாத்துச்சு. வால்வக் கழட்டி அளந்துச்சு, அளவு சரி. ப்ளக்குல மீட்டர வெச்சுச்சு, பன்னெண்டு வோல்ட்டு சுத்தமாக் காட்டுச்சு. கம்ப்யூட்டருக்குப் போற ஒயரையும் பாத்துச்சு, அதுவும் சரி. எல்லாஞ் சரின்னா கோளாறு எங்க இருக்குது? ரெண்டு நாளு மண்டைய ஒடைச்சுக்கிச்சு. அப்பறம் என்கிட்ட வந்துச்சு. அண்ணா, ஒருக்கா வந்து பாருங்களேன், எனக்கு என்னமோ ஒயர் மேலதான் சந்தேகமா இருக்குது, மீட்டர் சரின்னு காட்டுதுன்னுச்சு.

எனக்கு அப்பவே தெரியும். மீட்டர் எங்க பொய் சொல்லுமுன்னு எனக்குத் தெரியுமுங்க. அம்மணி, எனக்கு வைப்பர் வேலை இருக்குது, மொதலாளி அதத்தான் பாக்கச் சொல்லியிருக்கறாருன்னு சொல்லி அனுப்பிச்சுட்டன். தப்புங்களா? மொதலாளி வந்து கேட்டாரா? கேக்கலியே. கேக்காத எடத்துல போயி நான் எதுக்குங்க தலையக் குடுக்கோணும்.

சரி, வால்வுதான் சூடானா உள்ள விட்டுப் போகுதோ என்னமோன்னு புது வால்வு வரவழைச்சு மாட்டுச்சு. அந்த நேரம் பாத்து மழை ஓய்ஞ்சு போச்சு. நாலு நாளு நல்ல வெய்ய. ஓட்டிப் பாத்தாங்க, வண்டி பறக்குது. லைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொதலாளி எல்லாருக்கும் டீ சொன்னாரு. நானும் குடிச்சன்.

ஒரு வாரங் கழிச்சு சிதம்பரநாதன் சம்சாரத்தோட குன்னூருக்குப் போயிருக்கறாரு. பர்லியாறு தாண்டி மழை புடிச்சுக்கிச்சு. முன்னால காய்கறி டெம்போ ஒண்ணு ஊர்ந்து போகுது. அதை முந்திப் போலாமுன்னு அழுத்துனவரு, பாதி ஏறுனப்ப இழுவை செத்துப் போச்சு. மேல இருந்து பஸ்ஸு வருது. அந்த டிரைவர் புண்ணியவான், மலைப் பக்கம் ஒடிச்சு நிறுத்துனதுல ரெண்டு உசுரு தப்பிச்சுது. கண்ணாடி பேந்து போச்சு. அந்தம்மாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சு போச்சு.

வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. கூடவே அவரும் வந்தாரு. அவரு சத்தம் போடலீங்க, அதுதான் பயமா இருந்துச்சு. மொதலாளி முன்னால உக்காந்து, இது யாரு கையால வந்ததுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும், அந்த ஆளு இந்தப் பட்டறையில இருக்கக்கூடாதுன்னு மட்டும் சொன்னாரு. மொதலாளி நேரா என்கிட்ட வந்தாரு. சென்னியப்பா, நீயே பாருன்னாரு. பாத்தீங்களா. வைப்பர் பாக்கறவன்கிட்ட வந்துதான நின்னாரு.

என்ற சாமான் என்னன்னு கேளுங்க. டெஸ்ட் லேம்ப். பிரேக்லைட்டு பல்பு ஒண்ணு, ரெண்டு ஒயரு, ஒரு நுனியில ஊசி. தையல் மிசின் ஊசிய நானே பத்த வெச்சது. காலேசுப் புள்ளைங்க பாத்தாச் சிரிக்கும். ஆனா கேளுங்க. மீட்டருக்குக் கரண்டே வேண்டாம். கொழாயில ஒரு சொட்டு எட்டிப் பாத்தாலும் தண்ணி வருதுன்னு சொல்லிரும். பல்பு அப்படியில்லீங்க, குடத்த வெச்சுக் கேக்கும். வந்தா எரியும், வரலீன்னா சிணுங்கும். அதையும் வெக்கற எடத்துல வெக்கோணும். கம்ப்யூட்டர் ஒயர்ல பல்ப வெச்சா கம்ப்யூட்டரே போயிரும். பேட்டரிக் கரண்டு வர்ற ஒயர்ல மட்டுந்தான் வெச்சன். நல்லா எரிஞ்சுது. அப்பறம் ஒரு மக்குத் தண்ணிய எடுத்து ஒயர்க் கட்டு மேல ஊத்தி, கையால லேசா அசைச்சன்.

பல்பு மங்கிப் போச்சுங்க. அத்தனை பேரும் பாத்தாங்க. ஸ்கேனர் சொல்லாதத, மீட்டர் சொல்லாதத, என்ற பல்பு சொல்லிருச்சு. அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் முப்பத்தோரு வருசம் கரி பூசிக்கிட்டு இருந்தன்னு தோணுச்சு. யமுனாதான் மொதல்ல வாயைத் தொறந்துச்சு. "அண்ணா, இத எனக்குக் கத்துக்குடுங்கண்ணா"ன்னுச்சு. மூஞ்சியில பொறாமை கிறாமை ஒண்ணும் இல்ல. அதுவே கை விளக்கப் புடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னுச்சு.

நான் ஒயர்க் கட்டு மேல சுத்தியிருந்த டேப்ப பிரிச்சுக்கிட்டே போனன். பேட்டரிக்குப் பின்னால, தண்ணி வழியற எடத்துல, ஒயரு ஊதியிருந்துச்சு. நகத்தால கீறுனன். உள்ள செம்பு பூராப் பச்சை பூத்து மக்கிப் போயிருக்குது. ரெண்டு இழைதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மழை பட்டா அதுவும் விட்டுரும். மேல ரப்பர்ல பாத்தா ஓட்டை. சின்னதா. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு.

ஊசி ஓட்டை. வேற என்ன. ஒயர்ல கரண்டு இருக்குதான்னு பாக்க நாங்க ஊசியால குத்துவமுங்க. குத்தாத எலக்ட்ரீசியன் கோயமுத்தூர்ல எவன் இருக்கறான் சொல்லுங்க. குத்துனா ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வெச்சு ஓட்டைய அடைச்சரோணும், இல்லீன்னா தண்ணி எறங்கி ஆறு மாசத்துல செம்பத் தின்னுரும். என்ற சம்சாரத்துகிட்ட வாங்கி ஒரு பாட்டில் எப்பவும் டூல் பாக்ஸ்ல வெச்சிருப்பன். முப்பத்தோரு வருசமா வெச்சிருக்கறன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மறந்திருப்பன். சித்திரையில, முகூர்த்த நாளு, ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போற அவசரம். அந்த வண்டிக்கு அன்னிக்குப் பனிலைட்டு மாட்டுனது நாந்தானுங்க. சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற ஒயரு எதுன்னு தேடி மூணு நாலு எடத்துல குத்தியிருப்பன். ஆமா. எனக்கு மொதக் குத்து சாஞ்சு போயிரும், ஒட்டி ரெண்டாவது குத்துவன். அது என்ற கைப் பழக்கம். பட்டறையில எல்லாருக்கும் தெரியும், கேலி கூடப் பண்ணுவாங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நான் என்ன வேணுமுன்னா பண்ணுனன்? உங்க சர்வீஸ் சென்டர்ல ஒருத்தனும் குத்தறதில்லையா? போயி டேப்பப் பிரிச்சுப் பாருங்க, அப்பறம் பேசலாம்.

அந்த ஓட்டையப் பாத்தவுடனே என்ற கை தானாப் போயி அதை மூடிக்கிச்சு. யமுனா விளக்க இன்னும் கிட்டக் கொண்டாந்துச்சு. நான் கையெடுக்கல. ரெண்டு பக்கமும் வெட்டி அந்தத் துண்ட சட்டை ஜோப்புக்குள்ள போட்டுக்கிட்டன். புது ஒயரு வெச்சு, ஈயம் பத்த வெச்சு, ஸ்லீவு போட்டு, டேப்பச் சுத்தி முடிச்சன். மக்குத் தண்ணியில்ல, பைப்பு வெச்சே அடிச்சாங்க. பல்பு அசையல. வேலையில மட்டும் யாரும் என்னைய ஒரு சொல்லு சொல்ல முடியாது.

மொதலாளி கூப்புட்டாரு. அவரு ரூம்ல சிதம்பரநாதன் உக்காந்திருக்கறாரு, ஒரு ஓரமா யமுனா நிக்குது. என்னப்பா கோளாறுன்னாரு. ஒயரு உள்ளுக்குள்ள அறுந்து கெடந்துச்சுங்கன்னன். எப்படி அறுந்துச்சுன்னாரு.

என்ற சின்ன மகளுக்கு அப்ப நிச்சயம் பண்ணியிருந்த நேரமுங்க. ஐம்பத்துமூணு வயசுல பட்டறையில இருந்து தொரத்திட்டாங்கன்னா சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? வால்வு மாத்தறப்ப இழுத்திருப்பாங்களாட்ட இருக்குதுங்கன்னு சொன்னன். அவ்வளவுதான் சொன்னன். யமுனான்னு நான் பேரே சொல்லல. என்ற வாயில அந்தப் பேரு வரவே இல்ல. வால்வு மாத்துனது யாருன்னு அவங்களே நெனச்சுக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?

அந்தப் புள்ள அழுகல. சண்டை போடல. என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"வெட்டுன ஒயர்த் துண்டு எங்கண்ணா?"

"குப்பையில போட்டுட்டன் அம்மணி."

சரிங்கண்ணான்னுச்சு. அவ்வளவுதானுங்க. ஸ்கேனரத் தொடைச்சு பெட்டியில வெச்சு மூடிட்டு, டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அடுத்த நாள்ல இருந்து வரல. வர வேண்டாமுன்னு சொல்லிட்டாங்க.

இப்பச் சொல்லுங்க, இது ஞாயமா? அது மட்டும் அங்கயே வாயைத் தொறந்து, அண்ணா இது உங்க ஊசின்னு சொல்லியிருந்துதுன்னா நானும் பதிலுக்குப் பேசியிருப்பன். நீ மீட்டர நம்புனியே, புது வால்வுதான் வேணும்னு சொன்னியேன்னு கேட்டிருப்பன். ரெண்டு பேரும் சண்டை போட்டிருந்தா ஒரு வழியா முடிஞ்சிருக்கும். ஒண்ணுஞ் சொல்லாமப் போயிருச்சு பாருங்க. அதுதானுங்க நெஞ்சழுத்தம்கறது. அந்த நெஞ்சழுத்தந்தான் என்னையக் கெடுத்துப் போட்டுது.

அப்பறம் பட்டறையில ஒருத்தனும் என்கிட்ட மொகங் குடுத்துப் பேசல. யாரும் எதையும் கேக்கல, அது வேற. வெல்டரு, டிங்கரு, பெயிண்டரு, அத்தனை பேரும் மத்தியானம் ஒண்ணா உக்காருவாங்க, நான் போயி உக்காந்தா டப்பாவ மூடிருவாங்க. டீக்குப் போறப்பக் கூப்புட மாட்டாங்க. யமுனா அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போயிருச்சான்னு ஒருத்தனப் புடிச்சுக் கேட்டன். சத்தியமா ஒண்ணுஞ் சொல்லலீங்கண்ணா, அந்தப் புள்ள போன் பண்ணுனாக்கூட உங்களத்தான் நல்லா இருக்கறாங்களான்னு கேக்குதுன்னான். பாருங்க, எப்படி வேலை செய்யுதுன்னு. ரெண்டு மாசம் பொறுத்தன். அப்பறம் நானா வெளிய வந்துட்டன். மொதலாளி போகாதப்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. பதினெட்டு வருசமுங்க.

அதனால நீங்க கேட்டதுக்கு என்ற பதில் இதுதான். வேலை தெரியும். கை சுத்தம். ஆனா அழுத்தமான ஆளு, கூட இருக்கறவங்கள நிம்மதியா இருக்க விடாது. யோசிச்சு எடுங்க.

என்ன பேப்பருங்க அது? கண்ணாடி போட்டுக்கறன், இருங்க.

குழந்தைவேலு மொதலாளிகிட்ட விசாரிச்சீங்களா. வண்டியக் கெடுத்துட்டுப் போன புள்ளைன்னு சொன்னாரா. சரி. அதனால உங்க மேனேசர் வேண்டாங்கறாரு. சரி. அந்தப் பட்டறையில கூட வேலை செஞ்ச யாராச்சும் ஒருத்தர் எழுத்துல குடுத்தா எடுத்துக்கலாமுன்னு சொல்லியிருக்கறாரு. இல்லீன்னா இல்ல. சரிங்க, அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்தீங்க? வெல்டரு இருக்கறான், பெயிண்டரு இருக்கறான். இந்தக் கொட்டாயிக்கு வழி சொன்னது யாருங்க?

அந்தப் புள்ளையா.

என்ற பேர அதுவா எழுதிக்குடுத்துச்சு? இருங்க, நானே பாக்கறன். ஆமா, அது கையெழுத்துதான். சென்னியப்பன், எலக்ட்ரீசியன். எனக்குத் தெரிஞ்சதுலயே நல்ல வேலைக்காரர். அந்த வண்டியில என்ன நடந்ததுன்னு சரியாத் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான்.

தண்ணி குடிக்கறீங்களா தம்பி? எனக்கு வேணும்.

இதப் பாருங்க, இது பழி வாங்கறது. வேற ஒண்ணுமில்ல. ஒரு வருசங் கழிச்சு வீடு தேடி ஆள அனுப்பிப் பழி வாங்குது. நல்ல வேலைக்காரராம். அதுக்கு என்னையத் திட்டி எழுதியிருக்கலாமுல்ல? வேற ஒருத்தரு பேரு கெடைக்கலியா அதுக்கு? என்னைய நம்பி யாரு எழுதச் சொன்னது?

சரி, எழுதிக்குங்க. சொல்றன், எழுதிக்குங்க. யமுனா மேல குத்தமில்ல. அந்த ஒயரு போனது ஊசி ஓட்டையால. குத்துனது சென்னியப்பன். எழுதிட்டீங்களா? படிச்சுக் காட்டுங்க. ம். சரியாத்தான் இருக்குது.

கையெழுத்தா?

அது எதுக்குங்க. அதான் சொல்லிட்டனே, நீங்களும் எழுதிட்டீங்களே. கையெழுத்து இல்லீன்னா செல்லாதா. இந்தப் பேப்பர் குழந்தைவேலு மொதலாளிக்கும் ஒரு நகல் போகுமா. அப்பச் சிதம்பரநாதனுக்கும் தெரியும். என்ற சம்பந்தி அவருகிட்டத்தானுங்க இருபது வருசம் டிரைவரா இருந்தாரு.

இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகோணுமா. குடுக்கலீன்னா வேற ஆளு எடுத்துருவாங்களா. மணி இப்பவே நாலரைங்களா.

இல்லீங்க தம்பி, பேனா வேண்டாம். கையெல்லாம் கிரீசு, பேப்பரு அழுக்காயிரும். அந்தா ஆட்டோக்காரரும் வந்துட்டாரு, ஹார்னு மாட்டிக் குடுக்கறன்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கறன், பாவம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு வாங்க. கண்டிப்பா போட்டுக் குடுத்தர்றன், நாளைக்கு வாங்க.